மரம் கழித்துவிட்ட வரி

என் பணி நிறைவு விழாவில் உங்களில் ஒருவர் மேடையேறி, "சார் எழுதின இண்டெக்ஸ் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணினதில்லை" என்று சொன்னார். எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த வாக்கியம் உண்மையல்ல. அது உண்மையல்ல என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து மைக்கை வாங்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். இதைவிடப் பயன்படுகிற அனுபவம் என்னிடம் வேறு இல்லை.

உங்களில் வேறு துறையிலிருந்து வந்தவர்களும் இருப்பதால் அடிப்படையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ப்ரூவரிடம், அதாவது நிரூபணம் தேடும் நிரலிடம், சில உண்மைகளைக் கொடுக்கிறோம். அது அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் புதிய வரிகளைப் பிறப்பிக்கிறது. 'இந்த இயந்திரம் ஆபத்தானது' என்று வைத்துக்கொண்டு தொடங்கி, எங்காவது முரண்பாடு வந்தால் இயந்திரம் பாதுகாப்பானது என்று நிரூபணம். பிறக்கிற வரிகள் லட்சக்கணக்கில் பெருகும். ஆகவே ஒவ்வொரு புதிய வரி வரும்போதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறோம்: இதைத் தனக்குள் அடக்கிய, இதைவிடப் பொதுவான வரி ஏற்கெனவே கையில் இருக்கிறதா? இருந்தால் புதியது வேண்டாம், கழித்துவிடலாம்.

கையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை நகராது. அதற்குத்தான் இண்டெக்ஸ். வரிகளை ஒரு மரமாக அடுக்குகிறோம். ஒரே மாதிரித் தொடங்குகிற வரிகள் ஒரே கிளையில் போகும். 'ஏதாவது ஒன்று' என்று பொதுவாக வருகிற இடங்களிலெல்லாம் ஒரு நட்சத்திரக் குறி. தேடும்போது பொருந்தாத கிளைகளைத் தொடாமலே விட்டுவிடலாம். நீங்கள் படித்த கட்டுரைகளில் இதெல்லாம் விரிவாக இருக்கும்.

அந்தக் கட்டுரைகளில் ஓர் எச்சரிக்கையும் இருக்கும். மரத்துக்கு எல்லா நட்சத்திரமும் ஒன்றுதான். 'இரண்டு இடத்திலும் ஒரே பொருள்தான் வர வேண்டும்' என்கிற கட்டுப்பாடு மரத்தில் பதிவாவதில்லை. ஆகவே மரம் கொடுப்பதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'இவர்களை விசாரித்துப் பாருங்கள்' என்று அது சில பெயர்களைத் தருகிறது, அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் முழுதாகப் பொருத்திப் பார்த்த பிறகே கழிக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதிக் காட்டியிருக்கிறேன்.

*

வெண்ணாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் தலைப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஷட்டர்கள், அதாவது மதகுக் கதவுகள், கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. மதகைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கர் கைப்பிடியைச் சுற்றித் திறப்பார், மூடுவார். அதை மோட்டாரும் தானியங்கிப் பெட்டியுமாக மாற்றும் வேலை கணேசன் என்பவருக்குக் கிடைத்தது. தஞ்சாவூரில் சிறிய தொழிற்சாலை வைத்திருந்தார். தண்ணீர் ஏறுகிற நேரத்தில் இரண்டு ஷட்டரும் மூடிக் கிடந்தால் கரை உடையும். கீழே முழுக்க நடவு வயல்கள். அப்படி ஒரு நிலைமை ஒருபோதும் வராது என்று நிரூபித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பல்கலைக்கழகத்தில் எங்கள் குழுவிடம் வந்தார்.

பெட்டிக்குள் ஓட வேண்டிய விதிகளை எழுதியவர் தேன்மொழி. எங்கள் குழுவில் ப்ராஜெக்ட் ஃபெலோவாக இருந்தார். மயிலாடுதுறைக்குக் கிழக்கே, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் ஒன்று அவருடைய ஊர். முந்தைய தலைமுறை வரை பிறர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். அவருடைய அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்து மகளைப் பொறியியல் படிக்க வைத்திருந்தார். ஒப்பந்த வேலைதான். அந்த ஆண்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டால் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. நீட்டிப்பு கிடைப்பது இந்த வடிவமைப்பு தேறுவதைப் பொறுத்திருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வழக்கமான பெட்டிகளில் ஒவ்வொரு ஷட்டரும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளும். தன் பக்கம் தண்ணீர் ஏறினால் தான் திறக்கும். தேன்மொழி அந்த விதியை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றோடொன்று பேச வைத்தார். மேற்கில் தண்ணீர் ஏறினால் கிழக்குக்குச் செய்தி போகும். செய்தி வந்தால் கிழக்கு ஷட்டருக்கும் திறக்கும் உத்தரவு போகும். ஒன்று சிக்கிக்கொண்டாலும் மற்றது காப்பாற்றும்.

அதே சமயத்தில்தான் நான் புதிய இண்டெக்ஸை எழுதி முடித்திருந்தேன். முன்பு நாள் முழுக்க ஓடிய கணக்குகள், டீ ஆறுவதற்குள் முடிந்தன. அன்று நான் தரையில் நடக்கவில்லை. குழுவில் எல்லோரையும் கேன்டீனுக்கு அழைத்துப்போய் இட்லியும் கடப்பா குருமாவும் வாங்கிக் கொடுத்தேன். தேன்மொழி கேலி செய்தார்.

"சார், உங்க மரம் டீ ஆறதுக்குள்ள தீர்ப்பு சொல்லிடுது. கோர்ட்டுல ஜட்ஜ் கூட ஒரு வாய்தா குடுப்பாரு."

"அவங்ககிட்ட இண்டெக்ஸ் இல்லம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். மரம் தருகிற ஒவ்வொரு வரியையும் முழுதாகப் பொருத்திப் பார்ப்பதில்தான் நேரம் போகிறது. ஒரு வரியில் 'ஏதாவது ஒன்று' என்கிற பொதுப் பெயர் ஒருமுறைதான் வருகிறது என்றால், அதற்கு அந்தச் சோதனை தேவையில்லை. மரம் சொன்னதே போதும். இது சரியான வாதம். அந்த வரிகளுக்கு மட்டும் சோதனையை எடுத்துவிட்டேன். ஆனால் பொதுப் பெயர் ஒருமுறைதான் வருகிறதா என்று எண்ணும்போது, வரியை முழுதாக எடுக்காமல் பாதி பாதியாக எடுத்து எண்ணினேன். 'எந்த ஷட்டரில் தண்ணீர் ஏறினாலும் அந்த ஷட்டருக்கு உத்தரவு போகும்' என்ற வரியில், முதல் பாதியில் ஒரு ஷட்டர், இரண்டாம் பாதியில் ஒரு ஷட்டர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பாதியும் சுத்தம். சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஷட்டராக இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு என் நிரலில் காணாமல் போயிற்று. பழைய சோதனைக் கணக்குகள் எதிலும் இது வெளியே தெரியவில்லை. ஒரு வரி தொலைந்தாலும் அவற்றில் வேறு வழியாக விடைக்குப் போய்ச் சேர முடிந்தது.

*

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கணேசன் காலையிலேயே எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டைக்கூட மடியிலிருந்து இறக்கவில்லை.

"சார், பாஸா ஃபெயிலா, அதை மட்டும் சொல்லுங்க. ஆளுங்க வாய்க்காலுக்குள்ள நிக்கிறாங்க. தண்ணி கல்லணை தாண்டிட்டா அப்புறம் நான் வெல்டிங் வைக்க முடியாது, தூண்டில்தான் போடணும்."

தேன்மொழியின் விதிகளை ப்ரூவரில் போட்டு ஓட்டினேன். கணேசனுக்கு வந்த காப்பியை அவர் குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது. தேட வேண்டியதெல்லாம் தேடியாயிற்று, முரண்பாடு இல்லை என்று திரையில் வந்தது. அதற்குப் பொருள், மேற்கு ஷட்டர் சிக்கி, தண்ணீர் ஏறி, இரண்டும் மூடிக் கிடக்கிற நிலைமை வரக்கூடும் என்பது. வடிவமைப்பு பாதுகாப்பானது அல்ல.

தேன்மொழி திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், இவ்வளவு சீக்கிரமா எப்படி முடியும்?"

"அதுக்குத்தானம்மா இண்டெக்ஸ் போட்டிருக்கோம்."

"இல்லைங்க சார். மேற்குல ஏறினா கிழக்குக்கு உத்தரவு போகும்னு ஒரு வரி வரணும். என் ரெண்டு விதியும் சேர்ந்தா அது வந்தே ஆகணும். முடிவுல அது இல்லவே இல்லை."

"வந்திருக்கும். அதைவிடப் பொதுவானது ஏற்கெனவே இருந்திருக்கும். கழிஞ்சிருக்கும்."

அவர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அதைவிடப் பொதுவானது எதுங்க சார்? அப்படி ஒண்ணு நான் எழுதவே இல்லையே."

இதற்கு விடை காண்பது எளிது. கழிந்த வரியையும், எது அதைக் கழித்தது என்பதையும் காட்டச் சொல்லி மறுபடி ஓட்டியிருந்தால் போதும். கணேசன் இன்னொரு காப்பி குடித்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாள் ஒருவர் முன்னால், என் இண்டெக்ஸை என் குழுவில் வேலை பார்க்கிற ஒரு பெண் கேள்வி கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு சின்னத்தனமாகத்தான் தோன்றியது. அதை வேறு அழகான சொல்லால் சொல்ல நான் விரும்பவில்லை.

"பழைய வெர்ஷன்ல ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா சார்? சாயங்காலம் வரைக்கும் டயம் குடுங்க" என்றார் தேன்மொழி.

கணேசன் சிரித்தார். "ஏம்மா, சாருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது?"

நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. "கணக்கு பொய் சொல்லாதும்மா" என்றேன். கணேசனிடம் திரும்பி, "இது வேண்டாம். வழக்கமான பெட்டியையே வச்சிடுங்க" என்றேன்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமான பெட்டிக்கு யாரும் நிரூபணம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பழகிய ஒன்று என்பதாலேயே அது சோதனையில்லாமல் தேறிவிட்டது. புதியதிடம் மட்டும் சான்று கேட்டோம். அந்தச் சான்றையும் ஓட்டை மரத்தை வைத்துத் தேடினோம்.

நீட்டிப்புக் குழு கூடியபோது என்னைக் கேட்டார்கள். "உழைப்பு உண்டு. ஆராய்ச்சிக்கு வேண்டிய துல்லியம் போதாது" என்றேன். நல்ல மனிதர் சொல்லுகிற மாதிரி, வருத்தப்பட்ட குரலில்தான் சொன்னேன். தேன்மொழி கிளம்பும்போது என்னிடம் வந்து வணங்கிவிட்டுப் போனார். "வர்றேங்க சார்" என்றார்.

*

ஆடி மாதத்தில் ஒரு முற்பகலில் கணேசன் போன் செய்தார். "சார், கொஞ்சம் வாங்க, மேக்கு ஷட்டர் மாட்டிக்கிச்சு" என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

ஆகாயத்தாமரை மொத்தையாக வந்து மேற்கு ஷட்டரில் அடைத்துக்கொண்டிருந்தது. தூக்க முயன்ற மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கிழக்கு ஷட்டர் அசையாமல் மூடியிருந்தது. கிழக்குப் பக்கத்தில் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவையில் குப்பை சிக்கி, தண்ணீர் ஏறியதே அதற்குத் தெரியவில்லை. பக்கத்து ஷட்டர் திணறுவதை அதற்குச் சொல்ல ஆளில்லை. தண்ணீர் கரையின் தாழ்ந்த இடத்தில் வழிந்து, புதிதாக நட்ட குறுவை வயல்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. லஸ்கரும் இன்னும் நான்கைந்து பேரும் சேர்ந்து கிழக்கு ஷட்டரைக் கைப்பிடி போட்டுச் சுற்றித் திறந்தார்கள். தண்ணீர் இறங்கியது. கரை உடையவில்லை. சில வயல்களில் நாற்று அழுகிப் போயிற்று. ஓர் அம்மா முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "ஆபீசர் வந்துட்டாரு, இனிமே தண்ணி மரியாதையா போகும்" என்றார்.

நான் அந்த ஷட்டர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேற்கு சிக்கினால் கிழக்கு திறக்க வேண்டும். இதற்காகத்தானே அந்தப் பெண் அந்த இரண்டு விதிகளையும் எழுதினார்.

அன்று பிற்பகலே அறைக்குப் போய் நிரலைத் திறந்தேன். கழிந்த வரிகளைக் காட்டச் சொல்லி ஓட்டினேன். 'மேற்கில் தண்ணீர் ஏறினால் கிழக்குக்கு உத்தரவு' என்ற வரி பிறந்திருந்தது. 'எந்த ஷட்டரில் ஏறினாலும் அந்த ஷட்டருக்கு உத்தரவு' என்ற வரி அதைக் கழித்திருந்தது. இரண்டும் வேறு வேறு உண்மைகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். மரத்தின் கண்ணுக்கு மட்டும் இரண்டும் ஒன்று. நான் எடுத்துவிட்ட சோதனையைத் திரும்ப வைத்து, வரியை முழுதாக எண்ணும்படி திருத்தி, தேன்மொழியின் விதிகளை மறுபடியும் ஓட்டினேன். நிரூபணம் வந்தது. சுருக்கமான, அழகான நிரூபணம்.

அறையில் நான் தனியாகத்தான் இருந்தேன்.

இதுவரை சொன்னது தவறு. எந்தத் தொழிலிலும் தவறு நடக்கும். இதற்குப் பிறகு நான் செய்ததைத் தவறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. திருத்திய நிரலைச் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. கணேசனிடம் சொல்லவில்லை. தேன்மொழியின் எண் என்னிடம் இருந்தது. நாளைக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். பிறகு, அவருக்கு இப்போது வேறு வேலை கிடைத்திருக்கும், பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று நினைத்தேன். அவருடைய நன்மையை நினைத்து நான் சும்மா இருப்பதாக எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய்யை எளிதாக நம்ப முடிந்தது. வருடங்கள் போயின. இண்டெக்ஸுக்குப் பெயர் வந்தது. நீங்களெல்லாம் வந்து சேர்ந்தீர்கள்.

இன்னொன்றும் என்னை நானே கேட்டுக்கொண்டேன். 'அதைவிடப் பொதுவானது எது' என்ற அதே கேள்வியை அன்று கணேசன் கேட்டிருந்தால்? அல்லது என் கூடப் படித்தவர் ஒருவர் கேட்டிருந்தால்? உடனே ஓட்டிக் காட்டியிருப்பேன். என் குடும்பம் நிலம் வைத்திருந்த குடும்பம். தேன்மொழியுடையது அந்த மாதிரி நிலங்களில் வேலை செய்த குடும்பம். நான் அப்படியெல்லாம் வித்தியாசம் பார்க்கிற ஆள் இல்லை என்று எல்லோரிடமும் சொல்வேன், நம்பவும் செய்வேன். ஆனால் கேள்வி யாரிடமிருந்து வந்தது என்று பார்த்துத்தான் அன்று அதை எடைபோட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

*

விழா முடிந்த அடுத்த வாரம் மயிலாடுதுறைக்கு பஸ் ஏறினேன். தேன்மொழி அங்கே ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராக இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஆய்வகத்தில் இருந்தார். மேசை முழுக்க ஒயர்களும் சிறிய மோட்டார்களும். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். என்ன திடீர்னு? உட்காருங்க, ஃபேன் இந்தப் பக்கம்தான் வரும்."

முன்பெல்லாம் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அன்று வாய் தானாக மாறியது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். அன்னைக்கு உங்க டிசைன் சரி. தப்பு என் இண்டெக்ஸ்ல."

அவர் ஆச்சரியப்படவில்லை, கோபப்படவும் இல்லை. முதலில் கேட்டது இதைத்தான். "எந்த இடத்துல சார்?"

காகிதத்தில் வரைந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டார்.

"பாதி பாதியா எண்ணுனீங்களா! அன்னைக்கு மரத்துல நட்சத்திரம் போடுற இடத்துலதான் ஏதோ தப்போன்னு சந்தேகப்பட்டேன் சார். இது எனக்குத் தோணவே இல்லை. நல்ல பக் சார் இது. பசங்களுக்குப் பரீட்சையில கேக்கலாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. நிம்மதி வருவது போலிருந்தது. அப்போது அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"எப்பங்க சார் கண்டுபிடிச்சீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸில் வரும்போதே தெரியும். "நீங்க போன அந்த ஆடியிலேயே. ஷட்டர் மாட்டிக்கிச்சு. அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு."

"அப்பவேவா?"

நான் தலையசைத்தேன். அவர் ஒரு ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்தார். பிறகு அதையே பிரித்தார்.

"தப்புக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க சார். நானும் தினம் தப்புப் பண்றேன், பசங்க பிடிக்கிறாங்க. அப்பவே தெரிஞ்சிருந்தா ஒரு போன்..." நிறுத்தினார். "அந்த வருஷம் ஊருக்குப் போயி எங்கப்பாகிட்ட என்ன சொன்னேன் தெரியுங்களா? எனக்கு அந்த அளவுக்கு மூளை இல்லப்பான்னு சொன்னேன். அவரு நம்பலை. நான்தான் நம்பினேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அந்த ஆய்வகத்தில் அது ரொம்பச் சின்னச் சொல்லாக இருந்தது.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி" என்றார். "ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல நான் மட்டும் இல்லையே சார். கணேசன் சார் இருந்தாரு. அவரு முன்னாடிதானே சொன்னீங்க? அவருக்கும் சொல்லிடுங்க. இப்பவே. நானும் கேக்குறேன்."

அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார்! ரிட்டையர் ஆயிட்டீங்களாமே! விழாவுக்குக் கூப்பிடவே இல்லையே. சாப்பாட்டுல ஒரு இலை மிச்சம் பண்ணிட்டீங்க" என்றார் கணேசன்.

சொன்னேன். மரம், நட்சத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தேன்மொழியின் வடிவமைப்பு சரி, நான் சொன்னது தவறு, அது அந்த ஆடியிலேயே எனக்குத் தெரியும், மறைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தச் சொல்லும் சத்தம் கேட்டது.

"அப்ப அந்தப் பொண்ணு போட்டது சரியா?"

"சரி."

"அடக் கடவுளே. நான் வேற அதைப் பார்த்து நக்கலா சிரிச்சேனே சார்." பிறகு, "நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கலைங்க சார்" என்றார். என்னிடம் அவர் அந்தக் குரலில் ஒருபோதும் பேசியதில்லை. "இப்ப எங்க இருக்கு அந்தப் பொண்ணு?"

தேன்மொழி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"இங்கதாங்க இருக்கேன்."

"அம்மா... அந்த ரெண்டு ஷட்டரும் இன்னும் பழைய பெட்டியிலதாம்மா ஓடுது. வருஷா வருஷம் தாமரை அடைக்குது, வருஷா வருஷம் லஸ்கர் என்னைத் திட்டுறாரு. தண்ணி வர்றதுக்குள்ள நீ மாத்திக் குடுப்பியா... குடுப்பீங்களா?"

"நிரூபணம் இல்லாம மாட்ட மாட்டேங்க. இண்டெக்ஸ் இல்லாம ஒரு தடவை, இண்டெக்ஸோட ஒரு தடவை, ரெண்டும் ஒத்து வரணும். பெட்டி மேல என் பேரு இருக்கணும். சம்மதம்னா பேசலாம்."

"பேரா? பெயிண்ட்லயே எழுதிடலாம்மா."

"பெயிண்ட் வேண்டாங்க, தண்ணி பட்டா போயிடும். தகட்டுல வெட்டிடுங்க" என்றார். பிறகு இருவரும் மோட்டார், மிதவை என்று பேச ஆரம்பித்தார்கள். நடுவில் ஒருமுறை என் பக்கம் திரும்பி, "சார், நாலரை பஸ்ஸை விட்டா அப்புறம் கூட்டமா இருக்கும்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது நான் வாசல்வரை வந்திருந்தேன்.

பல்கலைக்கழகத்திலும் போய்ச் சொன்னேன். அன்று குழுவில் நான் சொன்ன கருத்து தவறு என்று பதிவு செய்துகொண்டார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தையோ, தொடங்காமல் போன பட்டத்தையோ, நடுவில் போன ஆண்டுகளையோ திருப்பிக் கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை என்றார்கள். அது எனக்கும் தெரிந்ததுதான்.

இப்போது தேன்மொழி சனிக்கிழமைகளில் மயிலாடுதுறையிலிருந்து வந்து அந்த வாய்க்கால் தலைப்பில் நிற்கிறார் என்று கணேசன் சொன்னார். என்னை யாரும் அழைக்கவில்லை. அழைக்காததுதான் சரி.

நிரூபணத்துக்காகத் தேன்மொழி உங்களிடம்தான் வருவார். முடிவை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர் இல்லை. எந்த வரி கழிந்தது, எதை வைத்துக் கழித்தீர்கள், அது உண்மையிலேயே இதை அடக்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நேரம் எடுக்கும், கொடுங்கள். அவர் கேட்கும்போது அறையில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே மறுபடி ஓட்டிக் காட்டுங்கள்.